ஈரலின் தேறுதலும் வயிற்றுச் சுவரின் தேறுதலும்

நுண்துளை முறையில் கல்லீரல் அறுவை செய்துகொண்டவர், வயிற்றைத் திறந்து செய்துகொண்டவரைக் காட்டிலும் சீக்கிரம் எழுந்து நடமாடுகிறார் என்பது வைத்திய உலகம் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆயினும் அவருடைய சரீரத்தில் சீக்கிரம் தேறியது எது என்று கேட்பவர் சிலரே. கல்லீரலோ, கத்தி எவ்வழியே புகுந்தது என்று பாராமல், எஞ்சிய பாகத்தைக் கொண்டே வாரக்கணக்கில் மெல்லப் பெருத்துப் பழைய பருமனை அணுகும் அவயவம். வித்தியாசம் வயிற்றுச் சுவரில் இருக்கிறது. வலது விலா ஓரமாக ஓடும் நீண்ட கீறல் தசைகளைக் குறுக்கே அறுத்துவிடுவதால், ஆழ்ந்து மூச்சிழுக்கவும், இருமிச் சளியைத் துப்பவும், ஒருக்களித்து எழவும் நோயாளி அஞ்சுகிறார். மூச்சு மேலோடு நின்றுவிட, நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கி, தங்கிய சளியே காய்ச்சலுக்கு வித்தாகிறது. நுண்துளை முறை தவிர்ப்பது பிரதானமாக இந்தத் துன்பத்தையே. (துளை என்று பெயரிட்டாலும், அறுத்த துண்டு பையிலிடப்பட்டுத் தனியொரு கீறல் வழியாகத்தான் பெரும்பாலும் வெளிவரவேண்டும்.)

ஆஸ்லோவில் 2012 முதல் 2016 வரை, பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றி ஈரலுக்குப் பரவிய புற்றுடைய 280 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், நுண்துளைப் பிரிவினர் 53 மணி நேரத்திலும் மற்றவர் 96 மணி நேரத்திலும் வீடு திரும்பினர். சிக்கல்கள் முன்னவரில் நூற்றுக்கு 19, பின்னவரில் 31. ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தோர் விகிதமோ 54, 55 என ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. லாபம் மெய்யானது, ஆனால் அது ஆரம்ப நாட்களுக்குரிய லாபம்.

வீடு திரும்பும் நாளைத் தேறுதலின் அளவுகோலாகக் கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. வார்டின் வழக்கம், வீட்டின் தூரம், அங்கே கைகொடுத்து எழுப்ப ஆள் உண்டா என்பன போன்ற, உடலுக்குப் புறம்பான காரணங்கள் அந்நாளை நிர்ணயிக்கின்றன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டைச் சேர்ந்த ஆய்வாளர் முன்னின்று நடத்திய, 'ஆரஞ்சு' என்று பெயரிடப்பட்ட ஆய்வுகள், திட உணவு உண்ணல், மாத்திரையாலேயே வலி அடங்கல், முன்போல் தானே நடமாடல், நரம்பு வழித் திரவம் தேவைப்படாமை முதலியவற்றைச் சேர்த்து அளந்தமை இதனால் போற்றத்தக்கது. அவற்றுள் ஈரலின் இடது ஓரப் பகுதியை மட்டும் நீக்கிய ஆய்வில், எம்முறையில் அறுவை நடந்தது என்று நோயாளியும் தாதியரும் அறியாவண்ணம் வயிறு முழுவதையும் பெரிய கட்டுத்துணியால் மூடிவைத்தனர். இரு பிரிவினரும் மூன்றே நாளில் தேறினர். போதிய பேர் சேராமல் அவ்வாய்வு நடுவில் நின்றுபோயிற்று. ஆகவே அதன்மேல் அதிக பாரம் ஏற்றலாகாது. பாதி ஈரலையே நீக்கிய அடுத்த ஆய்விலோ, ஐரோப்பாவின் 16 மருத்துவமனைகளில் நுண்துளையாளருக்கு நான்கு நாள், திறந்த அறுவையாளருக்கு ஐந்து நாள் என்று ஒரு நாள் வித்தியாசமே தென்பட்டது.

இரு முறைகளுக்கும் நடுவிலுள்ள இவ்விடைவெளி இவ்வளவு சுருங்கியதற்குப் பராமரிப்பு ஒரு முக்கிய காரணம் என்பது என் துணிபு. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் குடல் அறுவைக்கு வகுத்த உபாயங்கள், அதாவது நெடும்பட்டினி போடாமை, வலியைப் பலவழியில் தணித்தல், முதல் நாளே நாற்காலியில் அமர்த்துதல் ஆகியன, ஈரல் வார்டுக்கும் வந்து இரு முறையினருக்கும் ஒருங்கே உதவின. பழைய பராமரிப்பில் கிடந்த திறந்த அறுவையாளரோடு புதிய பராமரிப்பு பெற்ற நுண்துளையாளரை ஒப்பிட்டால், தாதியின் புண்ணியமும் கருவியின் கணக்கில் ஏறிவிடும். இரு பிரிவுக்கும் ஒரே பராமரிப்பு தந்து, முப்பதாம் நாளிலும் தொண்ணூறாம் நாளிலும் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், கைப்பிடி எவ்வளவு இறுகுகிறது என்று அளந்தால்தான், கீறலின் பங்கு இவ்வளவு, ஈரலின் பங்கு இவ்வளவு எனப் பிரித்துரைக்க முடியும்.