சாட் தேர்வில் வாசித்துப் புரிதல்

சாட் தேர்வில் வாசித்துப் புரிதல் என்பது, ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எழுதும் சாட் நுழைவுத் தேர்வில், தரப்பட்ட ஆங்கில உரைப்பகுதியைப் படித்து விடையளிக்க வேண்டிய வினாக்களைக் குறிக்கும். இத்தேர்வை காலேஜ் போர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. மாணவரின் பொது அறிவைச் சோதிப்பது இவ்வினாக்களின் நோக்கமன்று. கண்முன் உள்ள உரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறியும் திறனையே இவை அளக்க முயல்கின்றன.

வரலாறு

சாட் தேர்வு 1926 ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தப்பட்டது. நெடுங்காலம் இதன் மொழிப் பகுதியில் எதிர்ச்சொல், சொல் ஒப்புமை ஆகிய வினாக்களும் இருந்தன. ஆகவே ஆயத்தம் என்றாலே அருஞ்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்வது என்றாயிற்று. 1994 இல் எதிர்ச்சொல் வினாக்கள் நீக்கப்பட்டன. 2001 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ரிச்சர்டு அட்கின்சன், பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் பள்ளியில் சொல் ஒப்புமைப் பயிற்சி செய்வதைக் கண்டதாகக் குறிப்பிட்டு, இத்தேர்வைக் கடுமையாக விமர்சித்தார். 2005 இல் ஒப்புமை வினாக்களும் கைவிடப்பட்டன.

2016 முதல் வாசிப்புப் பகுதி 65 நிமிடங்களும் 52 வினாக்களும் கொண்டதாக அமைந்தது. ஒவ்வொன்றும் 500 முதல் 750 சொற்கள் வரையுள்ள உரைப்பகுதிகள் தரப்பட்டன. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறையும் அப்போதே நீங்கியது. கணினி வழித் தேர்வு 2023 இல் வெளிநாடுகளிலும் 2024 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் நடைமுறைக்கு வந்தது.

தற்போதைய அமைப்பு

வாசிப்பும் எழுத்தும் இப்போது ஒரே பகுதி. இதில் 32 நிமிடங்கள் வீதம் இரு கூறுகளும், கூறுக்கு 27 வினாக்களும் உள்ளன. ஒரு வினாவுக்குச் சராசரியாகச் சுமார் 71 நொடிகள் கிடைக்கும். முதற்கூறில் மாணவர் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தே இரண்டாம் கூறின் கடினம் அமையும். உரைப்பகுதி 25 முதல் 150 சொற்களே கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வினா. பழைய தேர்வுக்கான நூல்களில் காணப்படும் "முதலில் வினாக்களைப் பார், பின்பு பத்தியை மேலோட்டமாக மேய்" போன்ற அறிவுரைகள் இவ்வடிவத்துக்குப் பெரும்பாலும் பொருந்தா.

விடை தேர்தல்

எடுத்துக்காட்டாக, "இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் ஒரு பறவையினம், அமைதியான தெருக்களில் வாழும் அதே இனத்தைவிட உயர்ந்த சுருதியில் பாடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்" என்று ஓர் உரை இருப்பதாகக் கொள்வோம். இதிலிருந்து பெறத்தக்க முடிவு எது என்பது வினா. "இரைச்சல் பறவைகளுக்குத் தீங்கானது" என்னும் விடை உலகில் உண்மையாக இருக்கலாம், உரையில் இல்லை. "நகரப் பறவைகள் அனைத்தும் உயர்ந்த சுருதியில் பாடுகின்றன" என்பது ஓரினத்தைப் பற்றிய செய்தியை எல்லாவற்றுக்கும் விரிக்கிறது. "அப்பறவையினத்தின் பாடல் சுருதி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது" என்பது சுவையற்ற விடையாகத் தோன்றினும் அதுவே சரி. நன்கு படித்த மாணவர்களே முதல் விடையில் சறுக்குவதுண்டு, அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தி என்பதால்.

உரையைப் படிக்காமல் விடை

1990 இல் ஸ்டூவர்ட் கேட்சு முதலான உளவியலாளர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். சாட் உரைப்பகுதிகளை மறைத்து, வினாக்களை மட்டும் மாணவர்களிடம் தந்தபோதும், அவர்கள் ஐந்து விடைகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தெரிவு செய்தால் கிடைக்கக்கூடியதை விடக் கணிசமாக மிகுதியான மதிப்பெண் பெற்றனர். அப்படியானால் இத்தேர்வு வாசிப்பைத்தான் அளக்கிறதா என்னும் ஐயம் எழுந்தது. 1994 ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின் நடந்த மற்றோர் ஆய்வில், மாணவர்கள் ஒரே பத்திக்குரிய பல வினாக்களை ஒப்பிட்டு மறைந்த பத்தியின் கருத்தை ஊகித்தது தெரியவந்தது. ஓர் உரைக்கு ஒரே வினா என்றான பின் இவ்வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது எனலாம்.

ஆயத்தம்

விடைகளைப் பார்க்கும் முன் தாமே ஒரு விடையை மனத்தில் அமைத்துக்கொள்வதும், தவறிய வினாக்களில் தவறான விடை ஏன் கவர்ந்தது என்று குறித்து வைப்பதும் பயன் தருபவை. ஐயாயிரம் சொற்களை உருப்போடுவதை விட, அறிவியல், வரலாறு, புனைகதை எனப் பலவகை உரைகளைத் தொடர்ந்து வாசிப்பது மேல். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் மனத்துக்குள் மொழிபெயர்த்துப் படித்தால் நேரம் போதாது. இப்பழக்கம் சில வாரங்களில் மாறக்கூடியதன்று என்பதால் வாசிப்பை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

கட்டணப் பயிற்சி வகுப்புகள் வசதி படைத்தோருக்கே சாதகமானவை என்பது நீண்டகாலக் குறைபாடு. 2015 முதல் கான் அகாடமி காலேஜ் போர்டுடன் இணைந்து இலவசப் பயிற்சி வழங்குகிறது. முழு மாதிரித் தேர்வுகளை புளூபுக் என்னும் மென்பொருளில் கட்டணமின்றி எழுதிப் பார்க்கலாம். உண்மைத் தேர்வும் இதே மென்பொருளில் நடைபெறுவதால், தாளில் மட்டும் பயின்றவர்கள் இதில் ஓரிரு முறையேனும் எழுதிப் பழகுவது நல்லது. திரையில் உள்ள கடிகாரத்தை மறைத்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. இறுதி ஐந்து நிமிடங்களில் அது மீண்டும் தோன்றும்.