மில்டெஃபோசின் போன வழி

மில்டெஃபோசின் பிறந்தது புற்றுநோய்க்காக. 1980களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், மார்பகப் புற்று பரவிய தோலில் தடவும் மருந்தாக அதை உருவாக்கினார்கள். உள்ளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வாந்தியும் பேதியும்தான் மிச்சம். அத்தோடு மூலைக்குப் போயிருக்கும். ஆனால் லண்டனில் வேறு சிலர், அது லெய்ஷ்மேனியா ஒட்டுண்ணியைக் கொல்வதைக் கண்டார்கள்.

அடுத்து பீகார். இந்த ஒட்டுண்ணியால் வந்து, மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் அங்கே ஏழைகளின் நோய். மண்ணீரல் வீங்கும், உடம்பு உருகும், வைத்தியம் இல்லாவிட்டால் சாவு. பழைய ஆன்டிமனி ஊசிக்கு ஒட்டுண்ணி மசியவில்லை. 28 நாள் விழுங்கிய மில்டெஃபோசின் நூற்றுக்கு 94 பேரைக் குணமாக்கியது. 2002இல் இந்தியா அனுமதி கொடுத்தது. பீகாரில் இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே போகிறது. நாய்க்கு அதில் பங்கில்லை.

பிரேசிலில் உண்டு. அங்குள்ள ஒட்டுண்ணி வேறு இனம். வீட்டு நாயின் தோலில் தங்கி, மணல் ஈ வழியாகக் குழந்தைகளுக்குப் போகும். நோய் முற்றிய நாய்க்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டியிருக்கும், நகம் நீண்டு வளைந்து நடையே மாறியிருக்கும். ஆனால் தொற்றுள்ள பல நாய்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுகாதாரப் பணியாளர் வந்து காதில் குத்தி ரத்தம் எடுப்பார். தொற்று உறுதியானால் நாயைக் கொல்வதுதான் பல பத்தாண்டுகளாக அரசின் கொள்கை.

பலன் என்ன? தொற்றுள்ள நாய்களை அகற்றியும் மனிதர்களிடம் தொற்று குறையவில்லை என்று எஸ்பிரிடோ சான்டோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 1997இலேயே சொல்லிவிட்டது. ரத்தம் எடுத்த நாளுக்கும் நாயைக் கொண்டுபோகும் நாளுக்கும் நடுவே நாட்கள் ஓடும். மணல் ஈ அதுவரை காத்திருக்காது. போன நாயின் இடத்துக்கு ஒரு குட்டி வந்துவிடும். அதையும் அதே ஈ கடிக்கும்.

ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இருப்பது அதே இனம்தான். அங்கே நாய்க்கு வைத்தியம் பார்த்தார்கள். 2007 வாக்கில் மில்டெஃபோசின் அங்கே நாய் மருந்தானது. சோற்றில் கலந்து தரும் திரவம், அதே 28 நாள். பிரேசிலோ 2008இல் மனித மருந்துகளை இந்த நோய்க்காக நாய்க்குத் தருவதைத் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி நாயில் வளர்ந்து மனிதருக்கு வந்தால் என்ன செய்வது என்ற அச்சம். அது வெற்று அச்சமல்ல. சிகிச்சைக்குப் பிறகும் ஒட்டுண்ணி நாயின் உடலில் ஒளிந்திருக்கும், நோய் திரும்பும்.

2016இல், நாய்களுக்கென்றே பதிவான மில்டெஃபோசினுக்கு பிரேசில் கதவைத் திறந்தது. 2018இல் தோலில் வரும் லெய்ஷ்மேனியா நோய்க்காக மனிதருக்கும் அதைத் தர முடிவு செய்தது. பழைய அச்சம் இன்னும் தீரவில்லை என்றே சொல்வேன்.

குழந்தையைக் காக்க நாயைக் கொல்வதே கூடாது என்று வாதிட எனக்கு மனமில்லை. கொன்றும் குழந்தை காக்கப்படவில்லை என்று தெரிந்த பிறகும் கொன்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மணல் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் கழுத்துப்பட்டையை அரசு சில ஊர்களில் இப்போது தருகிறது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். மருந்துச் செலவு மட்டும் நாய் வளர்ப்பவர் தலையில்தான். வாங்கக் காசில்லாதவர் வீட்டு நாய்க்கு அரசு இலவசமாகத் தருவது கடைசி ஊசியைத்தான்.