மெய்நிகர் நகரத்துப் பாதசாரிகளும் ஓட்டுநர்களும்

கணினிக்குள் ஒரு நகரை அமைக்கும்போது கட்டடங்களை எழுப்புவது எளிது. அதன் தெருக்களில் மனிதரைப் போல் நடப்பவர்களையும் வண்டி ஓட்டுபவர்களையும் உலவவிடுவதே கடினம். 1971இல் எல். எஃப். ஹெண்டர்சன், பாதசாரிகளின் வேகத்தை வாயு மூலக்கூறுகளின் இயக்கத்தோடு ஒப்பிட்டார். ஆனால் மூலக்கூறுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது, நடப்பவருக்கு உண்டு.

1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் வேறு வழி காட்டினார். அவர் திரையில் பறக்கவிட்ட பறவைக் கூட்டத்துக்குத் தலைவன் இல்லை. அருகிலுள்ளவற்றோடு மோதாமல் விலகுதல், அவற்றின் திசையையும் வேகத்தையும் பின்பற்றுதல், கூட்டத்தைவிட்டுப் பிரியாதிருத்தல் ஆகிய மூன்று விதிகளை மட்டும் ஒவ்வொரு பறவையும் பின்பற்றியது.

சாலைக்கு இதே எளிமையை 1992இல் ஜெர்மனியின் கை நாகல், மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க் ஆகியோர் கொண்டுவந்தனர். அவர்களது மாதிரியில் சாலை 7.5 மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் ஒரு கார்தான் இருக்கலாம். ஒவ்வொரு காரும் முதலில் வேகத்தை ஒரு படி கூட்டும். முன்னால் போதிய இடம் இல்லையெனில் குறைத்துக்கொள்ளும். பிறகு, சிலவேளைகளில் காரணமின்றி இன்னொரு படி குறைத்துவிட்டு நகரும். ஓட்டுநர் கவனம் பிசகுவதையும் தேவைக்கு மேல் பிரேக் மிதிப்பதையும் குறிக்கும் இந்தக் கடைசி விதியே மாதிரியின் உயிர். அதை நீக்கினால் கார்கள் பொம்மை ரயில் போலச் சீராக ஓடும். சேர்த்தால், விபத்தோ தடையோ இல்லாத இடத்திலும் நெரிசல் தானே தோன்றிப் பின்னோக்கி நகரும். 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 உண்மையான கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னபோதும் இதுவே நடந்தது.

நடப்பவர்களுக்கு 1995இல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் ஆகியோர் 'சமூக விசை' மாதிரியை அமைத்தனர். சேருமிடம் ஒருவரை இழுக்கும். பிறரும் சுவர்களும் தள்ளும். எதிரெதிரே வரும் இரு கூட்டங்கள், யாரும் சொல்லாமலே வரிசைகளாகப் பிரிந்து கடந்தன.

நாகல், ஷ்ரெக்கன்பெர்க் மாதிரியின் கார் தன் தடத்தைவிட்டு விலகாது. பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் இடைவெளி கண்ட இடத்தில் நுழையும் இந்தியச் சாலைக்கு அது பொருந்தவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் தமிழ் அரசன், ரீபு சக்கரியா கோஷி ஆகியோர் 2005இல் வெளியிட்ட முறை தடங்களையே கைவிட்டது. 'ஹெட்டிரோசிம்' எனப்படும் அந்நிரலில் சாலை முழுவதும் ஒரே பரப்பு. ஒவ்வொரு வண்டியும் அதற்குரிய நீள அகலம் கொண்ட செவ்வகம். வேகம் கூடக்கூடப் பக்கவாட்டில் அது விட்டுச்செல்லும் இடைவெளியும் கூடும்.