விண்வெளிப் பனிக்கட்டியும் ஒரு மாணவனின் வினாவும்

1986ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் கதிரவனை நெருங்கி வந்தபோது, நான் திருவண்ணாமலையில் இளம் ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஒரு நாள் விஞ்ஞான வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வால்மீனில் பனிக்கட்டி இருக்கிறதாமே, காற்றும் மழையும் இல்லாத வெளியில் அது எவ்வாறு உண்டாயிற்று?" என்று வினவினான். விடை எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்லத் துணிவும் இல்லை. "அது பரீட்சைக்கு உரியதன்று, உட்கார்" என்றேன். அவ்வாண்டு முடியும்வரை அவன் வேறு வினா எழுப்பவில்லை. அன்று தரத் தவறிய விடையை மாணவர்களாகிய உங்கள்முன் இன்று வைக்கிறேன்.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெறுமையானதன்று. வாயுவும் நுண்ணிய தூசியும் செறிந்த இருண்ட பகுதிகள் அங்கே உண்டு. அவற்றின் குளிர் −263 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் இறங்கும். ஹைட்ரஜன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் தூசியின் மேற்பரப்பில் கூடி நீராகின்றன. நாமறிந்த பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அணிவகுத்து நிற்கும். அக்கடுங்குளிரிலோ மூலக்கூறு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நகர்ந்து அணிசேர அதற்கு ஆற்றல் இல்லை. தீபத் திருநாளன்று கோயில் வாயிலில் வரிசையாக நிற்பவர்களையும், அலுத்துப்போய் அங்கங்கே அமர்ந்துவிட்டவர்களையும் எண்ணிப் பாருங்கள், வேற்றுமை விளங்கும்.

கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகளின் நடமாட்டத்தைக் கணிப்பொறியால் பின்தொடரும் கலைக்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர். அவர் 1927இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில், திரவ ஆர்கானின் 864 அணுக்களை அவர் கணக்கில் இயங்கவிட்டார். அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும் விசையைக் கணித்து, நியூட்டனின் விதிப்படி ஒவ்வொன்றையும் சிறிதளவு நகர்த்துவது, மீண்டும் விசையைக் கணிப்பது, மீண்டும் நகர்த்துவது. இதுவே முறை. ஒரு விநாடியைக் கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் கோடியாகப் பகுத்தால் எவ்வளவோ, அவ்வளவே ஓர் அடிவைப்பின் காலம்! 1971இல் ஸ்டில்லிஞ்சர் என்பவருடன் 216 நீர் மூலக்கூறுகளை அவர் ஆராய்ந்தார். 1980ஐ ஒட்டி, படிகத்தின் வடிவம் மாறுவதையும் கணக்கிடும் முறையைப் பாரினெல்லோவுடன் சேர்ந்து வகுத்தார். பனிக்கட்டி, உலோகக் கலவை ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அது பெருந்துணையாயிற்று. 1987இல் அவர் மறைந்தார்.

ஆயினும், கணக்கு எவ்வளவு நுட்பமாயினும், நாம் கொடுத்த விசை பிழையானால் விடையும் பிழையாகும். எனவே சோதனை வேண்டும். 2019இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரதீப் குழுவினர், விண்வெளிக்கு ஒப்பான வெற்றிடத்தை ஒரு கலத்துள் அமைத்தனர். கடலடியின் பேரழுத்தத்தில் மீத்தேன் வாயு, நீர் மூலக்கூறுகளாலான கூண்டுகளில் சிறைப்படுவது முன்பே அறிந்தது. அழுத்தமே இல்லாத வெற்றிடத்தில், −243 டிகிரியில், அத்தகைய கூண்டுகள் உண்டாவதை அவர்கள் அகச்சிவப்பு ஒளியால் கண்டறிந்து வெளியிட்டனர். கணிப்பொறிக் கணக்கும் அம்முடிவுக்குத் துணைநின்றது.

மாணவர்களே, கணக்கும் சோதனையும் இருந்தால் மட்டும் போதாது. அவற்றைத் தூண்டும் வினா முதலில் வேண்டும். அப்படியொரு வினாவை நான் வகுப்பிலேயே அமர்த்திவிட்டேன். உங்களை யாரேனும் அவ்வாறு அமர்த்தினால், அமருங்கள். வினாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.