ரத்தம் எடுக்கும் கையும் சட்டத்தின் கண்ணும்

ரத்தப் பரிசோதனை முடிவு தவறாக வந்தால் பழி பெரும்பாலும் இயந்திரத்தின் மேல்தான் விழுகிறது. இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனை ஆய்வகப் பிழைகளை 1997-இல் கணக்கெடுத்துச் சொன்னவர்கள் பிளெபானியும் கராரோவும். அவற்றில் 68.2 விழுக்காடு, ரத்தம் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நேர்ந்தவை. பத்தாண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் அது 61.9 விழுக்காடாக இருந்தது. ஆகவே தரக் கட்டுப்பாடு நோயாளியின் கையருகே தொடங்க வேண்டும். சட்டப் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு இருக்கும். சிவப்பு மூடி ட்யூபில் அளவு குறைந்துவிட்டதென்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினால், பொட்டாசியம் பொய்யாக எகிறும். கால்சியத்தை அந்த உப்பு பிடித்துக்கொள்வதால் கால்சிய அளவு சரியும். இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். ஆனால் இதயம் நின்றுவிடுமோ என்று பயந்து, இல்லாத நோய்க்கு மருத்துவர் மருந்து ஏற்றத் தொடங்கிவிடுவார்.

பெயர் கேட்பதிலும் இதே ஆபத்து உண்டு. “நீங்கதானே செல்வி?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் யாராயினும் “ஆமா” என்பார். “உங்க பேர் என்னம்மா?” என்றுதான் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு, கட்டிலருகே நின்றபடியே லேபிள் ஒட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட பிழைகளுக்குப் பொறுப்புச் சுமத்துவதில் இந்திய நீதிமன்றங்கள் ஊழியரோடு நின்றுவிடவில்லை. தேசிய இதய நிறுவனம் என்ற மருத்துவமனை மேல் தொடர்ந்த வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பை மருத்துவமனையின் மேலேயே வைத்தது. யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்ற பதிவே இல்லாத நிறுவனம் எதைக் கொண்டு காட்டும்?

சாத்தூரில் 2018 டிசம்பரில் வெளிவந்த கொடுமை, பொறுப்பு ஊழியரோடு முடிவதில்லை என்பதற்குச் சான்று. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்தக் கொடையாளி 2016-இல் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது. அந்தச் செய்தி அவரை உரிய முறையில் எட்டவில்லை. அவர் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். நடவடிக்கை முதலில் பாய்ந்தது லேப் டெக்னீஷியன்கள் மேல். மதுரை உயர் நீதிமன்றக் கிளையோ 2019-இல், 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. அதுவே நியாயம். பழைய முடிவைப் புதிய கொடையோடு சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டை ஒரு டெக்னீஷியன் தனியே உருவாக்க முடியாது.

இன்னொரு குறை இன்றும் நீடிக்கிறது. மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995 தீர்ப்பு, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகத் தரும் சேவையை வெளியே விட்டுவிட்டது. காசு கட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு மருத்துவமனையில் கை நீட்டிய ஏழைக்கு அந்த வழி இல்லை. நுகர்வோர் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அவருக்கும் திறக்க வேண்டும். அங்கே காட்டச் சான்று கையில் இருக்க, ரத்தம் எடுத்தவர், நேரம், ட்யூப் ஆகிய விவரங்கள் நோயாளி வாங்கும் முடிவுத் தாளிலேயே அச்சாகி வர வேண்டும்.