மணியோசை இல்லாத 29 ஆண்டுகள்



புனித யோவான் தம் முதல் திருமுகத்தை ஏன் எழுதினார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தாம் கண்டதை, கேட்டதை, கையால் தொட்டதை நமக்கு அறிவிக்கிறார். நாமும் அவர்களோடு நட்புறவு கொள்ள வேண்டும், அந்த நட்புறவு தந்தையோடும் மகனோடும் கொள்ளும் நட்புறவாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அதே திருமுகத்தில்தான் போலி இறைவாக்கினரைப் பற்றிய எச்சரிக்கையும் வருகிறது. கடவுள் அன்பாய் இருக்கிறார் என்று எழுதிய அதே கை, எல்லாரையும் நம்பிவிடாதீர்கள் என்றும் எழுதியது.

அன்றைய தவறான போதனை எது? இயேசு உண்மையாகவே மனித உடல் எடுக்கவில்லை, எடுத்ததுபோல் தோன்றினார், அவ்வளவுதான் என்று சிலர் போதித்தார்கள். அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைசாட்சியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் சிமிர்னா சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்படிப் போதிப்பவர்கள் நற்கருணையை விட்டு விலகியிருக்கிறார்கள் என்றும், கைம்பெண்ணையும் அனாதையையும் பசித்தவரையும் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை என்றும் அதில் சுட்டிக்காட்டுகிறார். கிறிஸ்துவுக்கே உடல் இல்லையென்றால் பசிக்கிற மனிதனின் உடலை யார் மதிப்பார்கள்? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் இஞ்ஞாசியார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போவோம்.

1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவை வீட்டில் மறைத்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. நம் ஆலயங்கள் அவர்களுடைய சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. திருமுழுக்கும் திருமணமும் அங்கே பதிவானால்தான் சட்டப்படி செல்லும், சொத்தில் உரிமை கிடைக்கும், அரசு வேலை கிடைக்கும். வாளைவிடக் கூர்மையான சோதனை இதுதான் என்று நாம் நினைக்கிறோம். வாளுக்கு முன் வீரம் வந்துவிடும். பிள்ளையின் எதிர்காலத்துக்கு முன் வீரம் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆண்ட போர்த்துக்கேயரும் கையில் அதிகாரத்தோடுதான் வந்தார்கள். 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கர்களே. அரசனின் கை சேர்ந்தால் எந்தச் சபையும் முரடாகிவிடும். ஆனால் 1658-க்குப் பிறகு கத்தோலிக்கராய் இருப்பதில் எந்த லாபமும் இல்லை. அப்போதும் விட்டுப் போகாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

29 ஆண்டுகள் அவர்களுக்குக் குரு இல்லை, திருப்பலி இல்லை, ஒப்புரவு அருளடையாளம் இல்லை, கோயில் மணி இல்லை. வெளியே சீர்திருத்த சபையின் பதிவேட்டில் பெயர். உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, செபமாலை. தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள், மூத்தவர்கள் செபங்களை மனப்பாடமாகக் காத்தார்கள். 

1687-இல் ஒருவர் வந்தார். கோவாவின் பெனோலிம் ஊரில் 1651-இல் பிறந்த யோசேப் வாஸ் என்ற குரு. நம் எல்லைக்கு அப்பால் இருக்கும் கர்நாடகத்தின் கடலோரத்திலும், மங்களூர், குந்தாப்பூர் பக்கம், அவர் 1681 முதல் சில ஆண்டுகள் பணியாற்றியவர். அங்கே உரோமை அனுப்பிய ஆயருக்கும் போர்த்துக்கல் அரசரின் உரிமையைப் பேசியவர்களுக்கும் பெரிய தகராறு; யாரிடம் போவது என்று மக்கள் குழம்பினார்கள். சபைக்குள் வரும் சண்டை எளிய மக்களை எப்படி அலைக்கழிக்கும் என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார்.

தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கடல் கடந்தார். யோவான் என்ற உதவியாளர் ஒருவர் மட்டும் உடன் வந்தார். யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடுமையான வயிற்றுக்கடுப்பு. தொற்றுநோய் என்று பயந்து ஊருக்கு வெளியே காட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தாள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவள் எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கண் மலர்கிறதோ அந்த வீடு நம் வீடு! முதலில் விவாத மேடை போடவில்லை, நூல் எழுதவில்லை. தனித்தனியாக ஒளிந்திருந்தவர்களை ஒருவருக்கொருவர் அடையாளம் காட்டினார். சில்லாலை என்ற ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் திருப்பலி, ஒப்புரவு, திருமுழுக்கு. விடிவதற்குள் அடுத்த வீடு.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்தபோது டச்சுப் படைவீரர்கள் சுற்றி வளைத்தார்கள். குரு தப்பினார், மக்கள் பிடிபட்டார்கள். முன்பு சீர்திருத்த சபையில் இருந்து திரும்பி வந்த எட்டுப் பேருக்குத்தான் தண்டனை மிகக் கடுமையாக இருந்தது. அவர்களில் தோன் பேதுரு என்பவர் சாட்டையடியில் இறந்தார். மற்றவர்கள் கோட்டையில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

வாஸ் அடிகள் கண்டி இராச்சியத்துக்குப் போனார். அங்கே அவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று மன்னரிடம் காட்டிக்கொடுத்து 1692-இல் சிறையில் வைக்கச் செய்தவர் கல்வின் சபையைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1697-இல், கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை உறவினர்களே காட்டில் விட்டு ஓடினார்கள். வாஸ் அடிகள் அவர்களுக்குக் குடிசை போட்டார், கழுவினார், ஊட்டினார், இறந்தவர்களைத் தம் கையால் புதைத்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. இஞ்ஞாசியார் சிமிர்னாவுக்கு எழுதிய சோதனையில் இவரை நிறுத்திப் பாருங்கள்: நற்கருணைக்காக உயிரைப் பணயம் வைத்தவர், நோயாளியின் உடலைத் தொடவும் தயங்கவில்லை.

நூல்கள் பிறகுதான் வந்தன. 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள், தமிழ் மக்கள் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தவர், சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். கல்வின் சபையின் போதனைக்கு மறுப்பும் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துக் கோயில்களில் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒன்றுகூடிய மக்கள் இருந்ததால்தான் அந்த மறுப்பைக் கேட்கக் காதுகள் இருந்தன.

மூக்கண்டப்பள்ளியில் நமக்கு இந்தக் கதை எதற்கு? சிப்காட் ஆலைகளை நம்பி எங்கெங்கோ இருந்து வந்து ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கன்னடம், நடுவில் தெலுங்கு. ஷிப்ட் மாறினால் ஞாயிறு திருப்பலி போயிற்று. சொந்த ஊரில் உபதேசியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே பக்கத்து அறைக்காரருக்கே நாம் யாரென்று தெரியாது. அந்தத் தனிமையைத் தேடித்தான் சிலர் கதவைத் தட்டுகிறார்கள். காணிக்கையை முன்னால் வைத்தால் காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகும், கடன் தீரும், செபமாலையைத் தூக்கி எறிந்தால் சாபம் நீங்கும் என்கிறார்கள். பிரஸ் மிஷினில் விரலை இழந்த தொழிலாளியிடம், உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் போதனை எங்கிருந்து வருகிறது? சிலுவையில் ஆணி அடிக்கப்பட்ட கைகளை அது மறந்துவிட்டது. உடல் எடுக்காத கிறிஸ்துவைப் பேசியவர்களின் பழைய சரக்குதான் இது, புதுப் பையில்.

தென்னிந்தியத் திருச்சபையினரையும் லூத்தரன் சபையினரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் நம்மோடு ஒரே திருமுழுக்கைப் பெற்ற சகோதரர்கள். புனித யோசேப் வாஸ் இறந்தது 1711 ஜனவரி 16. அவருடைய திருநாள் முடிந்து இரண்டே நாளில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் தொடங்குகிறது. அவரை 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் யோவானின் முதல் திருமுகத்தை ஐந்து அதிகாரமும் ஒரே அமர்வில் வாசியுங்கள். அரை மணி நேரம் போதும். வரும்போது உங்கள் காம்பவுண்டில் புதிதாகக் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பம் இருந்தால் கூட்டி வாருங்கள். இரவு ஷிப்ட் போகிறவர்களுக்காக நேரத்தை மாற்றி வைத்தாலும் நல்லதே.