வீட்டுக் காப்புறுதியும் விலங்குகளால் ஏற்படும் சேதமும்: ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்போருக்கு

ஊரில் வீடு வளவை விட்டுவிட்டு வந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்கு, ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ வாங்கிய வீடுதான் ஒரே சேமிப்பு. வங்கி கேட்பதால் அதற்குக் காப்புறுதியும் எடுத்திருக்கிறோம். ஆனால் பத்திரத்தை முழுதாக வாசித்தவர்கள் எம்மில் குறைவு. றக்கூன் கூரையைப் பிரித்து அற்றிக்குக்குள் குடியேறிய பிறகுதான் பலர் அதைத் தேடி எடுக்கிறோம்.

எதற்குப் பணம் கிடைக்காது?

எல்லா ஆபத்துகளையும் உள்ளடக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பத்திரத்திலும் 'விலக்குகள்' என்றொரு பகுதி உண்டு. எலி, அணில், வௌவால், பறவை, பூச்சி ஆகியவற்றால் வரும் சேதத்தைப் பெரும்பாலான பத்திரங்கள் அங்கே விலக்கிவிடுகின்றன. காப்புறுதி என்பது திடீரென நேரும் இழப்புக்கானது. இவை மெதுவாகச் செய்யும் சேதம் வீட்டுப் பராமரிப்பில் அடங்கும் என்பதே நிறுவனங்களின் வாதம். எமது சொந்த நாயோ பூனையோ கதவையும் தரையையும் பழுதாக்கினாலும் பணம் கிடைக்காது.

றக்கூன் விடயத்தில் ஒரு சொல்லே முடிவைத் தீர்மானிக்கும். அணில் கொறிவிலங்கு; றக்கூன் அப்படியல்ல. விலக்கில் 'கொறிவிலங்குகள்' என்று மட்டும் இருந்தால் றக்கூன் சேதத்துக்குக் கோர இடமுண்டு. 'றக்கூன்' என்று பெயர் சொல்லியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

எதற்குக் கிடைக்கக்கூடும்?

எலி மின்கம்பியைக் கடித்துத் தீப்பிடித்தால், தீயால் வந்த இழப்பு பொதுவாக ஏற்கப்படும். கடிபட்ட கம்பியைத் திருத்தும் செலவு எம்முடையது. மான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வது போன்ற திடீர்ச் சேதத்தையும் முழுமையான பத்திரங்கள் பெரும்பாலும் ஏற்கும். குறிப்பிட்ட ஆபத்துகளை மட்டும் பட்டியலிடும் மலிவான பத்திரத்தில், பட்டியலில் இல்லாதது எதுவும் சேராது.

எமது நாய் பிறரைக் கடித்தால், ஒன்ராறியோவின் நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டப்படி, எம்மில் தவறு இல்லாவிட்டாலும் நாமே பொறுப்பு. வீட்டுக் காப்புறுதியின் பொறுப்புப் பகுதி இதற்கு வழமையாக உதவும். சில நிறுவனங்கள் சில நாயினங்களை விலக்குவதால், நாய் வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

சேதம் நேர்ந்தால்

முதலில் திகதி தெரியும்படி படம் எடுங்கள். மழை உள்ளே வராமல் தற்காலிகமாக மூடி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்துக்குத் தாமதமின்றி அறிவியுங்கள். வசந்தகாலம் றக்கூன் குட்டி போடும் காலம். உள்ளே குட்டிகள் இருக்க ஓட்டையை அடைத்தால் தாய் கூரையை மேலும் பிரிக்கும். பொறிவைத்துப் பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விடவேண்டும் என்பது மாகாண விதி. றக்கூன் எச்சத்தில் மனிதருக்கு ஆபத்தான புழுமுட்டைகள் இருக்கக்கூடும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

கோருமுன் கணக்குப் பாருங்கள். திருத்தச் செலவு 1,800 டொலர், நாமே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 1,000 டொலர் என்றால் கைக்கு வருவது 800 டொலர். கோரிக்கை இல்லாதவருக்கான கழிவு ஆண்டுக்கு 200 டொலர் என்று வைத்தால், அதை இழந்த நான்கு ஆண்டுகளில் அந்த 800 டொலரும் போய்விடும்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டவர்கள், காப்புறுதி ஈடுசெய்யாத கூரைத் திருத்தச் செலவில் வாடகைப் பகுதிக்கு உரிய பங்கை வருமான வரிப் படிவம் டி776 இல் செலவாகக் காட்டலாம்.

மறுத்தால்

எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பின்னர் நிறுவனத்தின் முறைப்பாட்டு அலுவலரிடம் செல்லுங்கள். அவர்களது இறுதி நிலைப்பாட்டுக் கடிதம் கிடைத்தும் திருப்தி இல்லையெனில், பொதுக் காப்புறுதிக் குறைதீர் சேவையை நாடலாம். நுகர்வோருக்கு அது இலவசம்.

அடுத்த புதுப்பித்தலுக்கு முன் முகவரிடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தெந்த விலங்குகள் பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன? அவற்றால் தீயோ நீர்க்கசிவோ வந்தால் ஏற்பார்களா? டிடக்டிபிள் எவ்வளவு? ஆங்கிலம் சிரமமான பெற்றோருக்குப் பிள்ளைகள் அந்த ஒரு பக்கத்தையாவது வாசித்துச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது, வந்த பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.